நன்றாக இளைக்கிறது

ஜனவரி 9

அக்காவுக்கு,

உன் குரல் இனிமேல் என் காதில் விழக் கூடாது என்றுதான் சொன்னேன். எழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். இது சொன்ன சொல்லை மீறியதாகாது. நீயும் போன் செய்யாதே, எழுது.

விஷயம் இதுதான். துறைமுகத்துக்குப் புதிதாக ஒரு பாதுகாப்பு அதிகாரி வந்திருக்கிறார். கிரேன் ஏணியில் ஏறுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் பெல்ட் நூறு கிலோவரைதான் தாங்கும் என்று அதன் மேலேயே தைத்திருக்கிறதாம். இத்தனை வருடமாக அதை ஒருவரும் படித்ததில்லை. இவர் படித்துவிட்டார். எங்களை வரிசையாக நிற்க வைத்து எடை பார்த்தார். நான் நூற்றுப் பதினெட்டு. கீழே நின்றுகொண்டு வாக்கி-டாக்கியில் எனக்கு இடம் வலம் சொல்கிறவன் ஒருவன் இருக்கிறான், எல்லோரும் கொக்கி என்று கூப்பிடுவார்கள். "அண்ணே, நீங்க பெல்ட்டைப் போட்டா அதுக்கு ஒரு பெல்ட்டு போடணும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மே மாதம் மறுபடி எடை பார்ப்பார்கள். நூறுக்குக் கீழே வராவிட்டால் வாசலில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுத வேண்டியதுதான். சம்பளம் குறையாது. ஆனால் எனக்கு மேலே போக வேண்டும். கிரேன் உச்சியில் நான் உட்கார்ந்து ஓட்டும் அந்தக் கேபினை மட்டும் என்னால் விட முடியாது. வேறு எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுவேன்.

நீ ஆஸ்பத்திரியில் பிழைப்புக்கே இதைத்தானே செய்கிறாய். எத்தனை பேரை இளைக்க வைத்திருக்கிறாய். நான் என்ன சாப்பிட வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று எழுது. திட்டு வேண்டாம்.

நான் சாப்பிடுவதைச் சொல்லிவிடுகிறேன். காலையில் ரொட்டி, ஜாம். மத்தியானம் கேன்டீன் சோறு, பிறகு இன்னொரு தரம் சோறு. கேபினில் சீட்டுக்கு அடியில் பிஸ்கட், வறுத்த கடலை, இனிப்பு பன். லாரி வரும்வரை சும்மா இருக்கும்போது கை தானாகப் போகும். பசியே இல்லை. ருசியும் தெரியவில்லை. பொட்டலம் காலியான பிறகுதான் தின்றிருக்கிறேன் என்று தெரிகிறது. அவள் போய் இந்த மாதத்தோடு ஒரு வருடம். இன்னும் அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதடு எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது எல்லாமே. பழகிவிட்டது.

தம்பி

ஜனவரி 17

தம்பிக்கு,

கவரில் உன் கோணல் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்தேன். இந்தக் காலத்தில் வேறு எதற்குக் கடிதம் வரும். பிரித்துப் பார்த்தால் பெல்ட்டு.

திட்டு வேண்டாம் என்கிறாய். சமையல்காரியைக் கூப்பிட்டு அடுப்பைப் பற்றவைக்காதே என்பது மாதிரி இருக்கிறது. இருந்தாலும் முயற்சி செய்கிறேன்.

அன்றைக்கு அவளைக் கிடத்தியிருந்த கூடத்தில் நீ ஒரு மூலையில் உட்கார்ந்து ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுகொண்டே இருந்தாய். "இப்படியே தின்னா அடுத்தது நீதான்டா" என்று நாலு பேர் முன்னால் சொன்னேன். சொன்ன இடம் தப்பு. சொன்ன விஷயம் தப்பில்லை. உனக்கு அவள் பெண்டாட்டி. எனக்கு அதற்கு முன்பே ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தவள். அதையும் கொஞ்சம் நினைத்துக்கொள். இதோடு இந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் ஒரு நல்ல டாக்டரிடம் போய் நெஞ்சைக் காட்டு. அதற்குப் பிறகு ஆரம்பி. இதை வேதவாக்காக எடுத்துக்கொள்.

சீட்டுக்கு அடியில் இருப்பதை எல்லாம் எடுத்துக் கொக்கியிடம் கொடுத்துவிடு. அவன் குச்சி மாதிரி இருப்பான் என்று பேரைக் கேட்டாலே தெரிகிறது. எதைத் தின்றாலும் தட்டில் போட்டு, உட்கார்ந்து தின்னு. பொட்டலத்திலிருந்து நேராக வாய்க்குப் போகக் கூடாது. பொட்டலத்துக்கு அடி கிடையாது, தட்டுக்கு உண்டு. தட்டில் பாதிக்குக் காய் இருக்கட்டும். கால் பங்குக்கு முட்டை, மீன், பருப்பு, இப்படி ஏதாவது ஒன்று. மீதியில்தான் சோறு. காலையில் ஜாமுக்குப் பதில் இரண்டு முட்டை தின்றால் பதினோரு மணிக்குக் கை பன்னைத் தேடாது. டீயில் சர்க்கரையைப் பாதியாக்கு. ஒரேயடியாக நிறுத்தாதே. ஒரேயடியாக நிறுத்துகிறவர்கள் எல்லாம் ஒரேயடியாகத் திரும்பி வருவதை நான் பார்க்கிறேன்.

ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பிறகு கொஞ்சம் நட. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்திரு. மறுபடி உட்கார். தொடை தளரும்வரை செய். ராத்திரி ஒழுங்காகத் தூங்கு. தூக்கம் கெட்டவன் அடுத்த நாள் இனிப்பைத்தான் தேடுவான். எடை பார்க்கும் மெஷின் பக்கம் இரண்டு மாதம் போகாதே. அது ஏறி இறங்குவதைப் பார்த்து உன் மனசும் ஏறி இறங்கும்.

மனசு என்றதும் ஞாபகம் வருகிறது. ஆசை வந்து நடக்கலாம் என்று காத்திருக்காதே. புது வருடத்தில் எங்கள் ஆஸ்பத்திரி உடற்பயிற்சி ஹாலில் கூட்டம் நெரியும். ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள். பிறகு பார்த்தால் நானும் காற்றாடியும்தான். ஆசையே வராதவனுக்கு ஒரு வசதி உண்டு. அது போய்விடுமோ என்ற கவலை இல்லை. உன்னை மாதிரி மரத்துப்போனவர்கள்தான் நின்று செய்கிறார்கள். செருப்பை மாட்டு, கதவைப் பூட்டு, கிளம்பு. மனசு வந்தால் வரட்டும்.

அக்கா

பிப்ரவரி 2

அக்காவுக்கு,

கம்பெனி நர்ஸிடம் காட்டினேன். பிரஷர் கொஞ்சம் அதிகம், நடந்தால் குறையும் என்றார்.

பன்னையும் பிஸ்கட்டையும் கொக்கியிடம் கொடுத்தேன். அவன் மூன்று நாளில் தின்று தீர்த்துவிட்டு, "அண்ணே, அடுத்த லோடு எப்ப?" என்றான். அப்படியே குச்சியாகத்தான் இருக்கிறான். நீ சொன்ன மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தேன். நாற்காலி உடைந்துவிட்டது. இப்போது ஸ்டூலில் செய்கிறேன்.

முட்டை தின்கிறேன். காய் தின்கிறேன். எல்லாம் ஒன்றுதான். வைக்கோலைத் தட்டில் போட்டு வைத்தாலும் தின்றுவிடுவேன். தட்டில் போட்டுத் தின்னும்போது எதிரில் அவள் உட்காரும் நாற்காலி தெரிகிறது. பொட்டலத்தில் அந்தத் தொல்லை இல்லை. இதையும் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நாற்காலியை வேறு பக்கம் திருப்பி வைத்துவிட்டேன்.

வேலை முடிந்ததும் கடல் சுவர் ஓரமாகக் கலங்கரை விளக்கு வரை போய்வருகிறேன். நடக்க நடக்க நன்றாக இளைக்கிறது. போன வாரத்தைவிட இந்த வாரம் அதிகம். கொக்கிகூடக் கவனித்துவிட்டான். இது போதுமா, இன்னும் ஏதாவது செய்ய வேண்டுமா?

தம்பி

பிப்ரவரி 10

தம்பிக்கு,

அப்படிப் போடு! இதுவரை நீ எனக்குச் சொன்ன நல்ல செய்தி என்று எதையும் எனக்கு ஞாபகமில்லை. பள்ளிக்கூடத்தில் நீ பாஸ் செய்ததையே வாத்தியார்தான் வந்து சொன்னார். உன் கடிதத்தை எங்கள் ஹாலில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு தையற்காரர், "உங்க தம்பி மூணு வாரத்துல பண்ணினதை நான் மூணு மாசமாப் பண்ணலையே மேடம்" என்று வருத்தப்பட்டார்.

ஊரில் ஒருவன் கண்ணுக்கே தெரிகிற மாதிரி இளைத்திருக்கிறாய் என்றால் நீ சரியாகத்தான் செய்கிறாய். நடுவில் விட்டுவிடாதே. இளைக்கத் தொடங்கும்போதுதான் உடம்பு முரண்டு பிடிக்கும். அசதி வரும், எரிச்சல் வரும், இன்றைக்கு வேண்டாமே என்று ஆயிரம் நொண்டிச்சாக்கு சொல்லும். அதற்கு எல்லாம் காது கொடுக்காதே. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். நடையில் வேகத்தைக் கூட்டு. கடல் சுவர் சமதரைதானே, வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸை விட்டுவிட்டு மேட்டுத் தெருவில் நடந்தே ஏறு. எப்போதாவது இளைப்பு நின்றுபோனால் உடனே எழுது. வேறு ஏதாவது வழி பார்க்கலாம்.

நர்ஸைப் பார்த்தது போதாது. டாக்டரைப் பார் என்றால் டாக்டரை.

ஒன்று கேட்க வேண்டும். வாசல் வேலை என்ன கேவலமா? நிழலில் உட்காரலாம். நாலு மனிதர்களைப் பார்க்கலாம். இந்த வயதில் குரங்கு மாதிரி ஏணி ஏறி, ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக உட்கார வேண்டும் என்று ஏன் இந்தப் பிடிவாதம்? அங்கே அப்படி என்னதான் இருக்கிறது?

அக்கா

பிப்ரவரி 26

அக்காவுக்கு,

கேட்டாய், சொல்கிறேன்.

கேபினிலிருந்து கீழே பார்த்தால் கப்பல், பெட்டிகள், லாரிகள். தலையைத் தூக்கி நேரே பார்த்தால் இரண்டு கிடங்குக் கூரைகளுக்கு நடுவில் மேட்டுத் தெரு தெரியும். அதில் எங்கள் வீட்டு மொட்டைமாடி தெரியும். பகல் ஷிஃப்ட் இருக்கும்போது பதினோரு மணி வாக்கில் அவள் துணி காயப்போட வருவாள். ஒரு துண்டை எடுத்து என் பக்கமாக இரண்டு வீசு வீசுவாள். நானும் கையைக் காட்டுவேன். கொக்கி வாக்கி-டாக்கியில், "அண்ணே, சைகை நான் குடுக்கறேன், நீங்க யாருக்குக் குடுக்கறீங்க?" என்பான். கல்யாணமான புதிதில் தொடங்கியது. கடைசி நாள் வரை விட்டதில்லை.

இப்போது அங்கே ஒன்றும் இல்லை. கொடி மட்டும் இருக்கிறது. நான் துணியை வீட்டுக்குள்ளேயே உலர்த்திக்கொள்கிறேன், மாடிக்கு ஏறுவதில்லை. ஆனாலும் பதினோரு மணிக்குப் பார்க்கிறேன். பார்க்கும்போது மனசில் ஒன்றும் வருவதில்லை, துக்கம்கூட. ஆனால் பார்க்காமல் இருக்க முடியாது. தரையில் நின்றால் அந்தக் கூரைகள் மறைத்துவிடும். அதனால்தான் வாசல் வேலை வேண்டாம் என்கிறேன். இதை அந்த அதிகாரியிடம் சொல்ல முடியுமா?

மற்றது. இளைப்பு நிற்கவில்லை, நீ கவலைப்படாதே. கூடிக்கொண்டேதான் போகிறது. மேட்டுத் தெருவில் ஏறத் தொடங்கியதிலிருந்து ரொம்பவே. அசதிக்குக் காது கொடுக்காதே என்றாய், கொடுக்கவில்லை. ஏணியில் மட்டும் நடுவில் இருக்கிற தட்டுகளில் நின்று நின்று போகிறேன்.

ஆனால் இவ்வளவு இளைத்தும் பேண்ட் தளரவே இல்லை. சாயங்காலம் ஆனால் செருப்பு வார் இறுக்குகிறது. காலிலுமா சதை போடும்? தட்டையாகப் படுத்தால் சரிப்படவில்லை. மூன்று தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டால்தான் தூக்கம் வருகிறது. இதெல்லாம் பெரிய விஷயமில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியது.

தம்பி

மார்ச் 9

தம்பிக்கு,

ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து ஆடும், படித்துக்கொள்.

உன் கடிதம் வந்தபோது ஹாலில் ஒரு அம்மாவை ஒற்றைக் காலில் நிற்க வைத்திருந்தேன். நின்றபடியே பிரித்துப் படித்தேன். மாடியைப் பற்றி எழுதியதைப் படிக்கும்போது கண் மங்கியது. தலையணைக்கு வந்தேன். மறுபடி மேலே போய் 'இளைப்பு' என்று நீ எழுதியிருந்த இடத்தை எல்லாம் படித்தேன். அந்த அம்மா, "நான் காலைக் கீழ வெச்சுக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பாவம்.

ஏன்டா, 'மூச்சு' என்று முன்னால் ஒரு சொல் சேர்த்திருந்தால் பேனாவில் மை தீர்ந்துவிடுமா? நடக்க நடக்க நன்றாக இளைக்கிறது என்று ஒருவன் எழுதினால், உடம்பைக் குறைக்க வழி சொன்னவள் என்ன நினைப்பாள்? நீ மூச்சு முட்டுகிறது என்று முறையிடுகிறாய். நான் சபாஷ், இன்னும் வேகமாக ஏறு என்கிறேன். இளைப்பு நின்றுபோனால் எனக்கு எழுது என்று வேறு சொன்னேன். அது நின்றிருந்தால் எழுத நீ ஏது? அந்தத் தையற்காரருக்குக்கூடப் படித்துக் காட்டினேனே. போனில் ஒரு தரம் பேசியிருந்தால், நீ வாயைத் திறந்ததுமே கண்டுபிடித்திருப்பேன். எத்தனை நெஞ்சுக்காரர்களைப் பார்க்கிறவள் நான்.

உன் போனுக்கு அடித்தேன். நீ எடுக்கவில்லை. துறைமுகத்துக்கு அடித்தேன். நீ மேலே இருக்கிறாய் என்றார்கள். அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும்.

இரண்டு நாள் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீ மூக்கில் குழாயோடு தூங்கினாய். விழித்தபோது நீ சுவரைப் பார்த்தாய், நான் மெஷினில் ஓடும் கோட்டைப் பார்த்தேன். உன் சட்டையை மடித்தேன், மறுபடி பிரித்து மடித்தேன். அவளுக்கு நடந்தபோதும் எனக்கு இப்படித்தான் இருந்தது. யாரையாவது திட்டினால்தான் எனக்கு அழுகை அடங்கும். அன்றைக்கு நீ அகப்பட்டாய்.

ரிப்போர்ட் வருவதற்குள் என் லீவு முடிந்துவிட்டது. டாக்டர் என்ன சொன்னார் என்று எழுது. எதையும் விடாமல் எழுது.

அக்கா

மார்ச் 22

அக்காவுக்கு,

டிஸ்சார்ஜ் ஆகிவிட்டேன். கொக்கிதான் வந்து வீட்டில் விட்டான்.

அன்றைக்கு நடந்ததை நீ ஒரு பக்கம்தான் பார்த்தாய், மறுபக்கத்தைச் சொல்கிறேன். ஒரு பெட்டியைத் தூக்கிப் பாதி வழியில் வைத்திருந்தேன். வாக்கி-டாக்கியில் கன்ட்ரோல் ரூம் ஆள், "ஒரு நிமிஷம், உங்க வீட்டுலருந்து" என்றார். போனை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தார் போலிருக்கிறது. அடுத்தது உன் குரல். "டேய், அந்தச் சாமானை மெதுவா எறக்கி வெச்சுட்டு அப்படியே உட்காரு! ஏணில கால் வெச்சே, தொலைச்சுப்புடுவேன்! ஆளுங்க வர்றாங்க, வந்து தூக்கிட்டுப் போற வரைக்கும் அசையக் கூடாது! குனியாதே! சாஞ்சு உட்காரு!"

எங்கள் எல்லோருக்கும் ஒரே சேனல்தான். துறைமுகம் முழுக்கக் கேட்டிருக்கிறது. பக்கத்து கிரேன்காரரும் பெட்டியை இறக்கிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாராம். ஒரு லாரி டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டார். கொக்கி பயந்துபோய், "யாருண்ணே இது, புது ஆபீசரா?" என்றான். "எங்க அக்கா" என்றேன். அதைச் சொல்லவே எனக்கு மூச்சு போதவில்லை. தீயணைப்புக்காரர்கள் வந்து என்னைத் துணித்தொட்டிலில் கட்டிக் கயிற்றில் இறக்கினார்கள். பதினெட்டு வருடமாகப் பெட்டி இறக்கினேன், அன்றைக்கு நானே ஒரு பெட்டி.

டாக்டர் சொன்னது இது. நெஞ்சுத் தசை பலவீனமாக இருக்கிறது. ரத்தத்தை முழுசாகத் தள்ளவில்லை. எப்போது தொடங்கியது என்று சொல்ல முடியாதாம், நடையால் வந்தது இல்லை, ஆனால் மேட்டில் ஏறினது அதைத் திணறடித்திருக்கிறது. காலில் இருந்தது சதை இல்லை, நீர். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் தூக்கத்திலேயே போயிருப்பேன் என்றார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று கொக்கி சொல்கிறான். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பாதி நாள் பாத்ரூமில்தான் இருக்கிறேன்.

ஏணி இனிமேல் கிடையாது. ஒரு வருடம் கழித்தாவது ஏறலாமா என்று கேட்டேன். "உங்க வாழ்க்கையில ஏணி முடிஞ்சுது" என்றார். நல்ல மனிதர், கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார். சரி என்றேன். வெளியே வந்து கொக்கியிடம், "மழை வரும் போலிருக்கு" என்றேன்.

இனி என்ன சாப்பிட வேண்டும்?

தம்பி

ஏப்ரல் 3

தம்பிக்கு,

இனிமேல் எதிரி சர்க்கரை இல்லை, உப்பு. கேன்டீன் குழம்பை விடு. ஊறுகாய், அப்பளம், பாக்கெட்டில் வருகிற எதுவும் வேண்டாம். வீட்டில் செய்கிறதிலும் பாதி உப்பு. எலுமிச்சம்பழம் பிழிந்துகொள், மிளகு தூவிக்கொள். ருசிதான் உனக்குத் தெரிவதில்லையே, இதில் கஷ்டம் இருக்காது என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை என்று வைத்துக்கொள். தண்ணீரை டாக்டர் சொன்ன அளவோடு நிறுத்து.

மெஷின் பக்கம் போகாதே என்றேன் அல்லவா, அது பழைய சட்டம். இனி தினமும் காலையில் எழுந்ததும் எடை பார். இரண்டு நாளில் சட்டென்று ஏறினால் அது கொழுப்பு இல்லை, நீர். உடனே டாக்டருக்குச் சொல்.

நட. அதை விடாதே. ஆனால் மேடு வேண்டாம், வேகம் வேண்டாம். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும். அதுதான் அளவு. பேச்சு அறுந்தால் நில், உட்கார். தனியாக நடக்கிறவன் யாரோடு பேசுவான் என்று கேட்பாய். எனக்குப் போன் செய். என் குரல் பிடிக்கவில்லை என்றால் நான் பேசாமலே இருக்கிறேன், நீ எதிரில் வருகிற லாரி நம்பரைப் படி. எனக்கு உன் மூச்சைக் கேட்டால் போதும். எழுத்தை நம்பி ஒரு தரம் பட்டது போதும், தம்பி.

கேபின் விஷயம். என்ன எழுதுவது என்று மூன்று நாளாக யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. எழுதினால் பொய்யாக இருக்கும். அதனால் விட்டுவிடுகிறேன்.

அக்கா

மே 14

அக்காவுக்கு,

தினம் போனில் லாரி நம்பரும் உப்பும் பேசிக்கொண்டிருக்கிறோம். இது போனில் சொல்ல வராது. அதனால் மறுபடி எழுத்து.

போன வாரம் எடை பார்க்கும் நாள். நான் போக வேண்டியதே இல்லை. பெல்ட்டைத் திருப்பிக் கொடுக்கத்தான் போனேன். கொக்கி, "ஏறித்தான் பாருங்களேண்ணே" என்றான், ஏறினேன். தொண்ணூற்று ஆறு. குறைந்ததில் பாதி நீர், பாதி உன் முட்டையும் காயும். அதிகாரிக்கு ஒரே சந்தோஷம். கையைக் குலுக்கி, "பாத்தீங்களா, மனசு வெச்சா முடியும்" என்றார். டாக்டர் கடிதத்தை நீட்டினேன். படித்தார். பெல்ட்டை வாங்கி, தூசி இல்லாத இடத்தைத் தட்டினார். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. அவர் படிக்காமல் இருந்திருந்தால் நான் உனக்கு எழுதியே இருக்க மாட்டேன்.

இப்போது வாசலில் இருக்கிறேன். நாலு மணிக்கு வேலை முடிந்துவிடுகிறது. நேற்று வெயில் நன்றாக இருந்ததால் துணியைத் துவைத்து மாடிக்கு எடுத்துப் போனேன். படியில் நின்று நின்று, பேச்சு அறாமல்தான் ஏறினேன். உன்னைத் திட்டிக்கொண்டே ஏறினேன், வேறு ஆள் இல்லை. அவள் போன பிறகு நான் அங்கே போவது அதுதான் முதல் தரம். கொடியைத் துடைத்தேன். துணியைப் போட்டேன். பிறகு துறைமுகம் இருக்கிற பக்கம் திரும்பினேன்.

கிரேன் தெரிந்தது. வேலை நடந்துகொண்டிருந்தது. கேபின் ஒரு தீப்பெட்டி அளவுகூட இல்லை. கண்ணாடியில் வெயில் அடித்து வெள்ளையாக இருந்தது. உள்ளே யார் என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். தெரியவில்லை. ஆள் இருக்கிறானா இல்லையா என்பதே தெரியவில்லை. வெயில் இறங்கட்டும் என்று சுவரில் சாய்ந்து நின்று பார்த்தேன். இறங்கின பிறகு கண்ணாடி கறுப்பாகிவிட்டது, அவ்வளவுதான்.

அக்கா, அவளுக்கு நான் தெரிந்ததே இல்லை. ஒரு நாள்கூட. வீட்டுக்கு வந்ததும் நான் கேட்பேன், "இன்னைக்குக் கை காட்டினேனே, பாத்தியா?" என்று. "பாத்தேன் பாத்தேன். வேலையைப் பாக்காம அங்க என்ன வேடிக்கை?" என்பாள். இடது கையா வலது கையா என்று கேட்டால்கூட யோசிக்காமல் ஒன்றைச் சொல்வாள். சில நாள் சரியாகவும் இருக்கும். ஷிஃப்ட் மாறி வேறு ஆள் உட்கார்ந்திருந்த நாட்களிலும் துண்டை வீசித்தான் இருப்பாள். அவளுக்கு எப்படித் தெரியும்? ஒன்றுமே தெரியாத ஒரு கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துப் பதினேழு வருடம் கை காட்டியிருக்கிறாள். நானோ, அவள் என்னைப் பார்க்கிறாள் என்று முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன்.

கொடியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சத்தமாகத்தான். கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போனார். மூச்சு வாங்கியது. உட்கார்ந்தேன். வாங்குவது நின்றதும் மறுபடி அழுதேன். இன்று காலையில் வாசலில் நம்பர் எழுதும்போதும் வந்துவிட்டது. லாரிக்காரர் ஒருவர் தண்ணீர் கொடுத்தார்.

நாளைக்கு நடக்கும்போது போன் செய்கிறேன். நடுவில் பேச்சு அறுந்தால் மூச்சு என்று நினைத்துப் பயந்துவிடாதே. அழுகிறேன் என்று அர்த்தம். நீ போனை வைத்துவிடாமல் இரு.

தம்பி